தம்பி போட்ட வெளிச்சம்

ஏப்ரல் 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். வானம் கறுத்துக் கறுத்து நின்றதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. துணியைக் காயப்போட்டு எடுத்து, மறுபடி போட்டு எடுத்து.

இன்று முடிக்க வேண்டியவை: டீச்சரம்மா ஜாக்கெட் இரண்டு, கை மட்டும் பாக்கி. கொக்கி வாங்க. தொட்டிக்குத் தண்ணீர்.

மீன் தொட்டிதான் வில்லங்கம். மதியம் சுவிட்சைத் தட்டினால் ஒரு டியூப் மட்டும் எரிகிறது, நீலம். வெள்ளை டியூப் இரண்டு முனையும் கறுத்துப்போய், கொஞ்சம் கண் சிமிட்டிவிட்டு அடங்கிவிட்டது. ஹால் முழுக்க நீலம். தொட்டிக்குப் பக்கத்தில் மாலை போட்ட அவர் படம். முகமெல்லாம் நீலமாகி, கையில் புல்லாங்குழல் மட்டும்தான் குறை. அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லியே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

அவர் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்தத் தொட்டிக்கு நான் வைத்த பெயர் சின்ன வீடு. வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் நிற்பார். “சின்ன வீட்டுக்காரி சௌக்கியமா?” என்று அடுப்படியிலிருந்து கேட்பேன். “கோவமா இருக்கா, மூஞ்சக் காட்ட மாட்றா” என்பார். இப்போது பெரிய வீடும் சின்ன வீடும் ஒரே ஹாலில், ஆள் இல்லாமல்.

இரண்டடித் தொட்டி, கடல் தண்ணீர். ஓர் ஆரஞ்சு மீன். நிழலைப் பார்த்தால்கூட விரட்டும். அதனால் மண்டோர் என்று பெயர் வைத்தார், ரப்பர் தோட்டத்தில் அவர் அப்பாவை விரட்டி வேலை வாங்கிய கங்காணி, அந்த மண்டோரை மனதில் வைத்து. மற்றதெல்லாம் பவளங்கள். பார்க்கக் கல், ஆனால் உயிர். அவர் வாயில் இங்கிலீஷ் பெயர்கள், என் வாயில் வேறு. பொட்டுப் பொட்டாக விரிவது பொட்டுக்கூட்டம். தட்டையாக இருப்பது காளான். விரல் விரலாக ஆடுவது விரல்காரி. அவள்தான் அவருடைய செல்லம். யாரோ ஒடித்துக் கொடுத்த சின்னத் துண்டு, என் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தாள்.

இப்போது விரல்காரி வெளுத்துக் கிடக்கிறாள், விரலெல்லாம் உள்ளே. பொட்டுக்கூட்டத்தின் மேல் பாசி. ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

ஏழு மணி, பாக்கியம் அக்கா போன். அவருடைய அக்கா. மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். அம்மா இல்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவர். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிட்டு ஒரே கேள்வி.

“மலரு, தம்பி போட்ட வெளிச்சம் எரியுதா?”

“எரியுதுக்கா.”

பாதிதான் எரிகிறது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மழை, ஒருவழியாக. வாசல் வரை தண்ணீர்.

அக்கா ஏன் அப்படிக் கேட்கிறார் என்று இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் எனக்கே மறந்துபோகலாம். சமீபத்தில் எல்லாமே மறக்கிறது, அடுப்பில் பால் வைத்தது உட்பட.

தொட்டி விளக்குக்கு டைமர் இருந்தது. தானே போடும், தானே அணைக்கும். அந்த வாரம் அது கெட்டுப்போயிருந்தது. அதனால் அன்று காலை ஃபேக்டரிக்குக் கிளம்பும்போது அவரே கையால் விளக்கைப் போட்டார். “சாய்ந்தரம் வந்து அணைச்சிக்கிறேன். நீ தொடாத, ஒனக்குத் தெரியாது” என்றார். எனக்குக் கோபம். சரி, தொடவில்லை. மத்தியானம் கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா வந்தபோது வீடு முழுக்க ஆட்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. “இத யாரு போட்டது?” என்று அக்கா கேட்டார். காலையில் அவர்தான் போட்டுவிட்டுப் போனார் என்றேன். அவ்வளவுதான். அக்கா கைப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து விளக்கின் சுவிட்சு மேல் ஒட்டி, அதன் மேல் திருநீறு பூசிவிட்டார்.

“என் தம்பி கையால போட்ட வெளிச்சம். காரியம் முடியிற வரைக்கும் ஒருத்தரும் அணைக்கக்கூடாது.”

வந்தவர்களெல்லாம் சரி என்றார்கள். நல்ல யோசனை என்றுகூட ஒருவர் சொன்னார். நான் அறையில் படுத்துக் கிடந்தேன். பதினாறு நாள், ராத்திரி பகல் எரிந்தது. படத்துக்கு முன்னால் வைத்த எண்ணெய் விளக்கு இரண்டு தடவை காற்றில் அணைந்து, அக்கா பதறி ஏற்றினார். இது ஒரு தடவையும் அணையவில்லை. “பாத்தியா, அவன் வெளக்கு” என்றார். இந்த வீட்டில் அந்த நாட்களில் அக்காவுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

காரியம் முடிந்து போகும்போது, “இனிமே நேரத்துக்குப் போட்டு நேரத்துக்கு அணைச்சிக்க. பிளாஸ்திரிய மட்டும் எடுக்காத” என்றார். எடுக்கவில்லை. சுவரில் இருக்கிற சுவிட்சில்தான் போட்டு அணைக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

பஸ்ஸில் மலாக்கா. கருகிய டியூபை அவர் கைலியில் சுற்றி மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு. பக்கத்தில் இருந்தவர் ஏதோ சாமி சாமான் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

அவர் வழக்கமாகப் போகும் மீன் கடை. கடை முதலாளி தவுக்கேவுக்கு என்னைத் தெரியும், கூட வந்து வாசலில் முறைத்துக்கொண்டு நிற்பவள் என்று. மலாயில்தான் பேச்சு. வீட்டுக்காரர் எங்கே, ரொம்ப நாளாகக் காணோமே என்றார். சொன்னேன். ஒரு ஸ்டூலை எடுத்து வந்து போட்டார்.

டியூபைக் காட்டினேன்.

“தாடா லா, காக்.”

இல்லையாம். யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் கொண்டுவருவதில்லை. சொல்லி வைத்தால் வரலாம், வராமலும் போகலாம். எல்லாரும் எல்இடிக்கு மாறிவிட்டார்கள். சூடு இல்லை, கரண்டு மிச்சம், வருஷாவருஷம் மாற்ற வேண்டாம்.

கடைத் தொட்டியில் போட்டுக் காட்டினார். பவளமெல்லாம் பச்சையும் ஆரஞ்சுமாகப் பளீர் என்று. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் விற்கிற விளையாட்டுச் சாமான் போல. எனக்குப் பிடிக்கவில்லை.

எல்இடியோடு எனக்குப் பழைய பகை. முன்பு ஒரு தடவை மகன் பேச்சைக் கேட்டு தையல் மெஷின் மேல் எல்இடி மாட்டினேன். மரூன் ஜாக்கெட்டுக்கு பிரவுன் நூலில் தைத்துவிட்டேன். வெளியே வெயிலில் பிரித்துப் பார்த்த சரோஜா, “என்னா மலர், கண்ணு போச்சா?” என்றாள். அன்றே கழற்றிவிட்டு டியூபை மாட்டினேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். “நான் சொல்லல? டியூப்பு வெளிச்சம் எல்லா எடத்துலயும் சமமா விழும். எல்இடி ஒரு எடத்துல கொட்டும், ஒரு எடத்தப் பட்டினி போடும்.” நாங்கள் சண்டை போடாத ஒரே விஷயம்.

அதனால் இன்று பையில் நூல்கண்டு மூன்று கொண்டுபோயிருந்தேன். மரூன், பிரவுன், கரும்பச்சை. எல்இடியின் கீழே வரிசையாக வைத்தேன். தவுக்கே என்னையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தார். நீலத்தில் மூன்றும் கறுப்பு. வெள்ளையைக் கூட்டச் சொன்னேன். பிரிந்தது. முன்பைவிடப் பரவாயில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வாங்கவில்லை. அவர் வேண்டாம் என்ற சாமானை அவர் இல்லாதபோது வாங்கி மாட்டுவது என்னவோபோல் இருந்தது.

கொக்கி வாங்க மறந்துபோனேன்.

ஏப்ரல் 12, சனி

மகன் குமரன் சிங்கப்பூரிலிருந்து வீடியோ கால்.

“அம்மா, எல்இடி போடும்மா. போன்ல ஆப் இருக்கு. நான் இங்கருந்தே போட்டு அணைச்சிடறேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம்.”

“நான் ஒண்ணும் பண்ணாம இந்த வீட்ல என்னா செய்யறது?”

“அதில்லம்மா…”

“வெளக்கப் போடறவன் வீட்ல இருக்கணும்டா. சிங்கப்பூர்ல ஒக்காந்துகிட்டு மலாக்காவுல வெளக்கு வைப்பியா?”

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. பையன் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு அவன் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டி, அப்பா முகத்தை மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தான். நான் அதை மனதில் வைத்துச் சொல்லவில்லை. அவன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும். “சரிம்மா, டியூப்பே தேடறேன், இங்க கெடைக்குதான்னு பாக்கறேன்” என்றான்.

என் வாய்க்கு ஒரு பிளாஸ்திரி வேண்டும்.

மாலை அக்கா. எரியுதா. எரியுதுக்கா.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். நமக்கு இந்த வருஷம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வடை வாசம். எதிர்வீட்டுப் பிள்ளைகள் புதுச்சட்டையில், அதில் இரண்டு என் தையல்.

சரோஜா வந்தாள். மகள் கல்யாண ஜாக்கெட் துணியைத் திருப்பிக் கேட்டாள். “ஒனக்கு ஏன் செரமம் மலர், இப்பதான… நீ ரெஸ்ட் எடு லா.” கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. எடுத்துக் கொடுத்தேன். வெட்டியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். வெட்டியிருக்கலாம்.

போன பிறகு ஆத்திரமாக வந்தது. கொஞ்சம் அழுகையும். இரண்டும் சேர்ந்து வந்தால் எதை முதலில் கவனிப்பது என்று தெரிவதில்லை. தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். மண்டோர் கண்ணாடிக்கு வந்து என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. தீனி போட்டேன். இன்று இரண்டாவது தடவை, அவர் பார்த்தால் திட்டுவார்.

விரல்காரி இன்னும் வெள்ளை. ஓரத்தில் சதை விலகி, கீழே கல் தெரிகிறது. பயமாக இருக்கிறது. இவளும் போய்விட்டால் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன். அவரோடு ஒரே ஃபேக்டரி, பாயா ரும்புட்டில் வீடு. இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தார்கள். “பெரிய வெள்ளி முடியட்டும் அண்ணி. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்ச ஒடனே வர்றேன்” என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

தலைவலி. ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

டீச்சரம்மா ஜாக்கெட் வாங்கிப் போனார். கை கச்சிதம் என்றார்.

குமரன் மெசேஜ்: சிங்கப்பூரிலும் அந்த டியூப் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறானாம். பாவம் பிள்ளை.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆரோக்கியம் வந்தார், வெள்ளைச் சட்டையோடு, கையில் கேக். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு தொட்டி. குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

“அண்ணி, இது வெளிச்சம் பத்தாம வந்ததில்ல. வெளிச்சம் ஜாஸ்தியானதால வந்தது.”

“இருந்ததே ரெண்டு டியூப்பு. அதுலயும் ஒண்ணு போயிருச்சு.”

“இப்ப இல்ல, முன்னாடி. இந்த டைமரு கெட்டுப்போயிருந்துச்சே… ராத்திரியில எரிஞ்சிச்சா?”

தலையாட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த நாட்களில் வந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டவர் அவர்தான், ஆனால் வந்ததெல்லாம் பகலில். பகலில் எரிகிற விளக்கை யார் சந்தேகப்படுவார்கள்?

“எத்தன நாளு அண்ணி?”

“காரியம் முடியிற வரைக்கும்.”

ஆரோக்கியம் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். பவளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருக்கிறதாம். வெளிச்சத்தை வைத்துச் சமைத்து, வீட்டுக்காரிக்கும் பங்கு கொடுக்குமாம். விரல்காரியின் நிறமே அந்தக் குடித்தனக்காரரால்தான். ராத்திரி இருட்டில் ஓய்வு வேண்டும். ஓய்வே இல்லாமல் வெளிச்சத்தைக் கொட்டினால் சமையல் விஷமாகி, வீட்டுக்காரி குடித்தனக்காரரை வெளியே தள்ளிவிடுவாளாம். அப்புறம் வீடு வெள்ளை.

“செத்துருச்சா?”

“இன்னும் இல்ல. இந்த ஓரம் பாருங்க, லேசா பழுப்பு இருக்கு. பொழைக்கலாம். ஆனா கொஞ்ச நாளைக்கு வெளிச்சம் கம்மியா இருக்கணும். காய்ச்சக்காரனுக்குக் கஞ்சி குடுக்கற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்.”

“டியூப்புல?”

“டியூப்ப கொறைக்க முடியாது அண்ணி. எரிஞ்சா முழுசா எரியும், இல்லன்னா அணைஞ்சிரும். அண்ணே கேட்டா என்னைய அடிப்பாரு, ஆனா இதுக்கு எல்இடிதான். திருகு வச்சது. பத்துல ரெண்டு பங்கு வெளிச்சத்துல ஆரம்பிங்க.”

இரண்டு வாரமாக எல்இடியா டியூபா என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷத்தில் முடிந்துபோனது. ஆனால் ஏன் எல்இடி என்று அக்கா கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். உங்கள் தம்பிக்காக நீங்கள் அணையாமல் காத்த வெளிச்சம்தான் உங்கள் தம்பி வளர்த்ததைக் கொன்றுகொண்டிருக்கிறது என்று. இதைச் சொல்கிற வாய் எனக்கு இல்லை. எவ்வளவோ பேசுகிற வாய்தான். இது மட்டும் வராது.

“ஆரோக்கியம், அக்கா காதுக்கு இது போகக்கூடாது.”

“நான் ஏன் அண்ணி சொல்றேன்.”

கேக்கில் திராட்சை அதிகம். படத்தில் இருப்பவருக்குப் பிடிக்கும்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வாங்கிவிட்டேன். ஆப் இல்லாதது. ஒரு சுவிட்சு, ஒரு திருகு. தவுக்கே நூல்கண்டு கொண்டுவரவில்லையா என்று சிரித்தார்.

பழைய விளக்கை நானே இறக்கினேன். ஓரமெல்லாம் உப்புப் பூத்து, பிளாஸ்திரி மேல் திருநீறு காய்ந்து. நீல டியூபைக் கழற்றி எடுத்தபோது முனையில் மார்க்கரில் சின்ன எழுத்து. மாட்டிய மாதம். அவர் கையெழுத்து, ‘ஜூ’வுக்கு வால் நீளமாக. ஜூலை. இந்த ஜூலையில் மாற்றியிருப்பார். வருஷம் ஒருமுறை மாற்ற வேண்டும், பழசானால் வெளிச்சத்தில் சத்து இருக்காது என்பார். தரையில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குக்கூட இவ்வளவு அழவில்லை. அன்று ஆட்கள் இருந்தார்கள், அழுததையெல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டியூபைக் கைலியில் சுற்றி அலமாரி மேல். விளக்குக் கூடு அதன் பக்கத்தில்.

எல்இடி, பத்தில் இரண்டு. மங்கல்தான். ஆனால் ஒன்று எதிர்பார்க்கவில்லை. அடி மணலில் ஒளி நெளிகிறது. டியூபில் அப்படி ஆடாது. தஞ்சோங் பிடாரா கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்று, “மலர், இங்க வந்து கீழ பாரேன்” என்று கத்துவார். நான் புடவை நனையும் என்று போக மாட்டேன். அவர் காட்ட நினைத்தது இதுதான் போல.

ஏழு மணி.

“தம்பி போட்ட வெளிச்சம் எரியுதா மலரு?”

“ம்.”

“என்னா ம்?”

“எரியுதுக்கா.”

“சனிக்கெழம வர்றேன். மருமவன் கார்ல கொண்டாந்து விடறேன்னான்.”

ஏப்ரல் 24, வியாழன்

வெயில், மாலை இடி.

இரண்டு நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன், மெஷினை மிதித்துக்கொண்டே. “அக்கா, டியூப் கடையில இல்ல.” இது உண்மை. “அக்கா, எல்இடிதான் இப்ப எல்லாரும்.” இதுவும் உண்மை. அதற்கு மேல் அக்கா ஒன்று கேட்பார், அங்கே என் நாக்கு நின்றுவிடுகிறது.

கழுத்துப் பட்டையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன். பிரித்தேன்.

ஏப்ரல் 26, சனி

அக்கா வந்தார். முருங்கைக்கீரை, வாழைப்பூ, ஒரு சீப்பு பழம். மெலிந்திருக்கிறார். நேராகப் படத்துக்குப் போய்க் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். திரும்பினார்.

“இது வேற வெளக்கு.”

“ஆமாங்க்கா. வெள்ள டியூப்பு போயிருச்சு. கடையில கெடைக்கல.”

“தம்பி போட்டது?”

அலமாரி மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கைலியைப் பிரிக்கவில்லை, அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஏன் எலும்பு மாரி இருக்கு? அவன் செல்லமா வச்சிருப்பானே, அதுதான இது?”

“வெளுத்துப்போச்சுக்கா.”

“ஏன்?”

வந்துவிட்டது.

“டைமரு கெட்டுப்போச்சுல்ல. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். வெளிச்சம் ஜாஸ்தியாயிருச்சாம். என் தப்புதான்.”

அக்கா என் முகத்தையே பார்த்தார். “சரி, கீரைய ஆயலாம் வா” என்றார்.

கீரை ஆய்ந்தோம். பொரியல், ரசம். சரோஜா துணியைத் திருப்பி வாங்கியதைச் சொன்னேன். “அவ கெடக்குறா, முண்டம்” என்றார் அக்கா. நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

எட்டு மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். அக்கா தொட்டி முன்னால் கீழே உட்கார்ந்திருந்தார். சுவிட்சில் கை வைத்தேன்.

“இரு, மெதுவா அணை. நான் பாக்குறேன்.”

திருகை மெல்லக் குறைத்தேன். பாசி சுரண்டிய இடத்தில் பிழைத்திருந்த பொட்டுகள் ஒவ்வொன்றாகக் குவிந்தன.

“மூடிக்கிதே.”

“தூங்குதுக்கா. ராத்திரியில இருட்டு வேணும் அதுங்களுக்கு.”

“தெனமுமா?”

“தெனமும்.”

முழுதும் அணைந்தது. ஹாலில் அடுப்படி வெளிச்சம் மட்டும். பிறகு அக்கா, என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல்:

“சின்னதுல அவனுக்கு வெளிச்சம் இருந்தா தூக்கமே வராது. தோட்டத்து லயத்துல ஒரே ரூம்பு. அப்பா குடிச்சிட்டு மண்ணெண்ண வெளக்க எரிய விட்டுட்டுப் படுத்துருவாரு. இவன் கண்ணக் கசக்கிக்கிட்டே என் முதுகுக்குப் பின்னாடி வந்து, அக்கா அணை, அக்கா அணைம்பான். நான்தான் எந்திரிச்சி ஊதி அணைப்பேன். தெனமும் நான்தான்.”

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பதினாறு நாளு மலரு.”

“அக்கா, நான்தான் டைமர…”

“நீ பொய் சொன்னா மூக்கு செவக்கும்னு தம்பி சொல்வான். அப்பவே பாத்துட்டேன். சும்மா இரு.”

சும்மா இருந்தேன். அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார், சத்தமே இல்லாமல், உடம்பு மட்டும் குலுங்கியது. இந்த வீட்டில் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொன்னவர், அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கட்டிய நானாவது அறையில் படுத்துக்கொண்டேன். வளர்த்தவர் விளக்குக்குக் காவல் உட்கார்ந்திருந்தார்.

“ஒங்களுக்குத் தெரியாதுக்கா. எனக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது.”

தலையை மட்டும் ஆட்டினார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் எழுந்து வந்து பார்த்தால் அக்கா பழைய விளக்கை மடியில் வைத்துக்கொண்டு சுவிட்சு மேல் இருந்த பிளாஸ்திரியை உரித்துக்கொண்டிருந்தார். பசை போகவில்லை. நகத்தால் சுரண்டினார். நான் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தேன், துடைத்தார்.

ஆரோக்கியத்தை வரச் சொன்னேன். விரல்காரியைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் போய்விட்டது, அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துவிடலாம், மறு பக்கம் தாக்குப்பிடிக்கலாம் என்றார். உறுதி சொல்ல முடியாது. அக்கா பக்கத்திலேயே நின்று கேட்டார். “வெட்டறப்ப வலிக்குமா தம்பி?” என்று ஒன்றுதான் கேட்டார்.

வெட்டினோம். மிச்சம், இரண்டு விரல் அகலம்.

மூன்று மணிக்குக் கார் வந்தது. அக்கா டியூபை எடுத்துக்கொண்டார், கைலியை உருவி மடித்து என் கையில் வைத்தார்.

“இது எனக்கு. அது ஒனக்கு.”

டியூபைச் சுற்ற என் தையல் துணி மிச்சத்தில் ஒரு முழம் கொடுத்தேன். மரூன்.

ஏப்ரல் 28, திங்கள்

நல்ல மழை. குமரனுக்கு நானே போன் செய்தேன். வெள்ளிக்கிழமை வருகிறானாம். அப்பா விளக்கு டைமரைச் சரிசெய்து தருகிறேன் என்றான். வேண்டாம், கையாலேயே போட்டுக்கொள்கிறேன், நீ சும்மா வா என்றேன். சிரித்தான்.

ஏழு மணிக்குப் போன் வரவில்லை. ஏழேகால். ஏழரை. ரசத்தைச் சூடு செய்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை. நானாகக் கூப்பிடவும் பயம். என்னவென்று கேட்பேன்? போகும்போது முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா முகத்தை நம்ப முடியாது.

எட்டுக்கு விளக்கை அணைத்தேன், மெதுவாக, பொட்டுகள் மூடுகிற வரை நின்று பார்த்து. இருட்டில் திரும்பும்போது போன்.

“மலரு, அணைச்சிட்டியா?”

“அணைச்சிட்டேங்க்கா.”

“சரி. தூங்கட்டும்.”